வேலையில் வழி தெரியாமல் நிற்கும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலையில் ஒரு சிக்கலான கேள்விக்கு விடை தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள், சுற்றிச் சுற்றி இந்தச் சந்தேகங்களில்தான் வந்து நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்வதைவிட ஓரிடத்தில் எழுதி வைத்துவிடலாமே என்று தொகுத்தது இது. கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. எளியவை முன்னால், வில்லங்கமானவை பின்னால்.

1. நான் நிஜமாவே மாட்டிக்கிட்டேனா, இல்ல சும்மா தள்ளிப் போட்டுட்டு இருக்கேனா?

அடுத்துச் செய்ய வேண்டியதை ஒரே வரியில் சொல்ல முடிகிறதா பாருங்கள். "வாடிக்கையாளருக்கு போன் போட்டு, விலை ஏறப்போகிறது என்று சொல்ல வேண்டும்" என்று வாயில் வந்துவிட்டால், உங்களுக்கு வழி தெரிந்துதான் இருக்கிறது, செய்யத்தான் மனசில்லை. அதற்கு இந்தப் பக்கம் உதவாது, போனை எடுங்கள்.

அப்படிச் சொல்ல வராமல், நேற்று யோசித்த அதே இரண்டு மூன்று யோசனைகளை இன்றும் செக்குமாடு மாதிரி சுற்றி வந்துகொண்டிருந்தால், மாட்டிக்கொண்டதற்கு அதுதான் அடையாளம்.

2. சரி, மாட்டிக்கிட்டேன். முதல்ல என்ன பண்ணணும்?

கேள்வியை எழுதுங்கள். ஒரு தாளில், ஒரே வாக்கியமாக, கேள்விக்குறியோடு. "எனக்குத்தான் தெரியுமே" என்று பலரும் தாண்டிப் போய்விடும் இடம் இது. எழுதி முடித்ததும், அந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு விடை ஒளிந்துகொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கணக்குப் பிரிவை எடுத்துக்கொள்வோம். அங்கே எழுதப்படும் கேள்வி: "இன்னொரு ஆளைப் போட மேலிடத்தில் எப்படி அனுமதி வாங்குவது?" ஆள் வேண்டும் என்ற விடை முன்கூட்டியே முடிவாகிவிட்டது. எதற்கு ஆள்? மாதக் கடைசியில் மூன்று நாள் எல்லோரும் இரவு வரை உட்கார வேண்டியிருக்கிறது. ஏன்? எல்லாக் கிளைகளின் பில்களும் ஒரே நாளில் வந்து குவிகின்றன. ஏன் ஒரே நாளில்? அனுப்பச் சொன்ன கடைசித் தேதி அது. யார் வைத்த தேதி? யாருக்கும் ஞாபகமில்லை.

இப்போது கேள்வியை மாற்றி எழுதலாம்: "பில்கள் மாதம் முழுக்கப் பரவலாக வந்து சேர என்ன செய்யலாம்?" இதற்கு உட்கார்ந்த இடத்திலேயே பத்து வழி தோன்றும். பழைய கேள்விக்கு ஒரே வழிதான் இருந்தது, கெஞ்சுவது. மாட்டிக்கொள்ளும் சம்பவங்களில் பெரும்பாலானவை யோசனைப் பஞ்சத்தால் வருவதாக எனக்குத் தோன்றவில்லை. கேள்வி குறுகிப்போயிருக்கும், அவ்வளவுதான். கீழே வரும் பதில்கள் பலவும் கடைசியில் இந்த இடத்துக்கே திரும்பி வரும்.

ஏன், ஏன் என்று தோண்டிக்கொண்டே போவது டொயோட்டா கார் தொழிற்சாலைகளில் பொறியாளர் டாய்ச்சி ஓனோ வலியுறுத்திய பழக்கம். ஐந்து முறை கேட்கச் சொல்வார்கள். எண்ணிக்கை வேதவாக்கு ஒன்றுமில்லை. உங்கள் கைக்கு எட்டுகிற ஏதாவது தட்டுப்பட்டதும் நிறுத்திக்கொள்ளலாம். விட்டால் "மனுஷங்களே அப்படித்தான்" என்பதில் போய் முடியும். அதை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலை ஒன்றும் செய்ய முடியாது.

3. எனக்கு ரெண்டே வழிதான் இருக்கு. ரெண்டுமே பிடிக்கல.

"மாத்தலாமா, வேண்டாமா" என்ற வகைக் கேள்வியா? அப்படியானால் உங்களிடம் இருப்பது ஒரே ஒரு வழி. மற்றது அந்த வழியை மறுப்பது மட்டுமே. அந்த இரண்டுக்கும் நாளை முதல் தடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் வேலை ஓடியாக வேண்டும். என்ன செய்வீர்கள்?

பழைய சாஃப்ட்வேரைத் தூக்கி எறியவும் கூடாது, அப்படியே வைத்திருக்கவும் கூடாது என்றால், அதிகம் தொல்லை கொடுக்கும் ஒரு பகுதியை மட்டும் வெளியே எடுக்கலாம். இனி வரும் வாடிக்கையாளர்களை மட்டும் புதியதில் சேர்க்கலாம். ஒரே ஒரு பிரிவு ஒரு மாதம் புதியதில் வேலை செய்து பார்க்கலாம். தடை போடுவதற்கு முன்பும் இவை இருந்தன. இரண்டு வழிகளும் மல்லுக்கு நின்றதில் கண்ணில் படவில்லை.

4. அஞ்சாறு யோசனை எழுதினதும் வத்திப்போயிடுது. அதோட நிறுத்திக்கலாமா?

கூடாது. அந்த ஐந்தாறும் பெரும்பாலும் உங்கள் பக்கத்து சீட்காரருக்கும் தோன்றுபவைதான். பிரையன் லூகாஸ், லோரன் நார்ட்கிரென் என்ற இரு ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், நேரம் போகப் போகத் தங்கள் யோசனைகளின் புதுமை குறைந்துவிடும் என்றுதான் பங்கேற்றவர்கள் எதிர்பார்த்தார்கள். நடந்தது அப்படியில்லை, புதுமை அதே அளவில் நின்றது, அல்லது கூடியது. "இதுக்கு மேல வராது" என்ற நினைப்பை நம்பி எழுந்துபோனவர்களுக்குத்தான் நஷ்டம்.

ஆகவே எழுத ஆரம்பிக்கும் முன்பே இருபது என்று எண் போட்டுக்கொள்ளுங்கள். பத்தைத் தாண்டியதும் அபத்தமானவை வரும், வரட்டும். முக்கியமான ஒரு நிபந்தனை: எழுதும்போதே பக்கத்தில் "பட்ஜெட் இல்லை", "பாஸ் ஒத்துக்க மாட்டார்" என்றெல்லாம் குறிப்பு எழுதாதீர்கள். சலித்தெடுப்பது வேறொரு வேளைக்கான வேலை. அது 11-ஆம் கேள்வியில் வருகிறது.

5. இந்த வேலையில எனக்கு இத்தனை வருஷ அனுபவம். எனக்கே வழி தெரியலன்னா வேற யாருக்குத் தெரியும்?

அனுபவமே கண்ணைக் கட்டும் சமயங்கள் உண்டு. 1942-இல் உளவியலாளர் ஆபிரகாம் லூச்சின்ஸ் வெளியிட்ட ஜாடிக் கணக்குகளை நீங்களே செய்து பாருங்கள். மூன்று ஜாடிகள், அளவு 21, 127, 3. வேண்டியது 100 அளவு தண்ணீர். 127-ஐ நிரப்பி, அதிலிருந்து 21-ஐ ஒரு தடவையும் 3-ஐ இரண்டு தடவையும் ஊற்றி எடுத்தால் 100 மிஞ்சும். இதே வழியில் போகும் கணக்குகளை வரிசையாகக் கொடுத்துப் பழக்கிவிட்டு, பிறகு ஒரு கணக்கு கொடுத்தார்: ஜாடிகள் 23, 49, 3, வேண்டியது 20.

பழகிய கை 49-ஐ நிரப்பி, 23-ஐ ஒரு தடவை, 3-ஐ இரண்டு தடவை ஊற்றி எடுக்கும். விடை 20 வரும், சரிதான். ஆனால் 23-இல் இருந்து 3-ஐ எடுத்தாலே 20 ஆயிற்றே! பழக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சுற்றுவழியிலேயே போனார்கள். அந்தப் பழக்கம் இல்லாதவர்களுக்குக் குறுக்குவழி சட்டென்று தெரிந்தது.

கவனிக்க வேண்டியது, சுற்றுவழி தப்பான வழி இல்லை. அது வேலை செய்கிறது; அதனால்தான் வேறு வழியைத் தேட வேண்டும் என்றே தோன்றுவதில்லை. பரிகாரம் எளிது. உங்கள் துறைக்குப் புதியவர் ஒருவரிடம் பிரச்சினையைச் சொல்லுங்கள். அவரிடம் தீர்வு கேட்காதீர்கள். "அதை ஏன் அப்படிச் செய்யறீங்க?" என்று அவர் எங்கே குறுக்கிடுகிறார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

6. வெள்ளைத் தாளோட உட்கார்ந்தா ஒண்ணுமே வரல. பிடிச்சுக்க ஏதாவது இருக்கா?

சில கேள்விகளைக் கைவசம் வைத்துக்கொள்ளலாம். முதலாவது: எதை நீக்கலாம்? ஒன்றைச் சரிசெய்யச் சொன்னால் மனிதர்கள் எதையாவது சேர்க்கத்தான் பார்க்கிறார்கள், எடுத்துவிடலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை என்று 2021-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. அலுவலகத்தில் இதற்கு ஆய்வே தேவையில்லை. தாமதம் என்றால் புதிதாக ஒரு படிவம் வரும். எந்தப் பழைய படிவமும் போகாது. இரண்டாவது, இதே கேள்வி வேறு யாருக்கு வந்திருக்கும்? தீர்த்த கணக்கு ஏதாவது இதைப்போல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னவர் கணித ஆசிரியர் ஜார்ஜ் போல்யா. ஷிப்ட் மாறும்போது தகவல் விட்டுப்போவது உங்கள் தொல்லை என்றால், மருத்துவமனையில் செவிலியர்கள் பணி மாறும்போது என்ன செய்கிறார்கள் என்று விசாரிக்கலாம்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது, தலைகீழாகக் கேட்பது. "புதிதாகச் சேர்ந்தவர்கள் நிலைத்து நிற்க என்ன செய்யலாம்?" என்று கேட்டால் எல்லோரும் உப்புச்சப்பில்லாமல் எதையாவது சொல்வார்கள். "ஆறே மாதத்தில் அவர்களை ஓட வைப்பது எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள், குஷியாகிவிடுவார்கள். முதல் நாள் கம்ப்யூட்டர் தராமல் உட்கார வை. சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்று சொல்லாதே. முதல் மாதம் முழுக்கப் பழைய ஃபைலைப் படிக்கச் சொல். செய்த வேலை சரியா தப்பா என்று மூச்சு விடாதே. பட்டியலில் பாதி உங்கள் இடத்தில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும். நிறுத்த வேண்டியவை எவை என்பது தானாக வந்துவிட்டது.

இன்னொன்று, கட்டம் போடுவது. ஃபிரிட்ஸ் ஸ்விக்கி என்ற வானியலாளர் கையாண்ட முறை. பயிற்சி வகுப்பு சரியில்லை என்றால், யார் நடத்துவது என்பதற்கு மூன்று, எப்போது என்பதற்கு நான்கு, எந்த வடிவில் என்பதற்கு மூன்று என்று எழுதுங்கள். ஒன்றோடொன்று கோத்துப் பார்த்தால் 36 வழிகள். பெரும்பாலானவை தேறாது. ஆனால் நீங்கள் இதுவரை யோசித்ததெல்லாம் அதில் இரண்டே கட்டம்தான் என்பது பளிச்சென்று தெரியும்.

7. டீம் மொத்தமும் ஒரே ரூம்ல உட்கார்ந்து யோசிச்சா இன்னும் நிறைய வருமே?

கூட்டுச் சிந்தனையைப் பரப்பியவர் விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்பார்ன். விமர்சிக்காதே, நிறையச் சொல், வினோதமாக இருந்தாலும் சொல், அடுத்தவர் சொன்னதன்மேல் கட்டு என்பவை அவருடைய விதிகள். விதிகளில் குறையில்லை. ஆனால் 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, சேர்ந்து உட்கார்ந்த நால்வரைவிட, தனித்தனியாக யோசித்த நால்வரின் பட்டியல்களைக் கூட்டினால் அதிக யோசனைகள் கிடைத்தன. திரும்ப வருபவற்றைக் கழித்த பிறகும் அப்படித்தான்.

காரணத்தை 1987-இல் உளவியலாளர்கள் மைக்கேல் டீலும் வொல்ஃப்காங் ஸ்ட்ரோபேயும் ஆராய்ந்தார்கள். பயம், சோம்பல் எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒன்று அகப்பட்டது: ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். தன் முறைக்காகக் காத்திருக்கையில் அடுத்தது தோன்றுவதில்லை, தோன்றியதும் மறந்துபோகிறது. எனவே கூட்டம் போடுங்கள், ஆனால் முதல் பத்து நிமிடம் யாரும் வாயைத் திறக்காமல் எழுதட்டும். பிறகு வாசிக்கலாம், கோக்கலாம், சண்டை போடலாம்.

8. எங்க மேனேஜர் முதல்ல ஒண்ணு சொல்லிட்டா அப்புறம் எல்லாரும் அதுக்கே தலையாட்டறாங்க.

அவர் கடைசியில் பேச வேண்டும். இதை அவரிடம் நேரடியாகச் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். முடியாவிட்டால், கூட்டத்துக்கு முந்தின நாளே எல்லோரிடமும் எழுத்தில் வாங்கி, பெயர் போடாமல் ஒரே தாளில் தொகுத்து மேஜையில் வைத்துவிடுங்கள். அவர் யோசனையும் அதில் ஒரு வரியாக இருக்கும்.

9. நடந்துட்டு வந்தா யோசனை வரும்ங்கறாங்களே, நிஜமா?

ஓரளவு நிஜம். ஸ்டான்ஃபோர்டில் மரிலி ஒப்பெஸோவும் டேனியல் ஷ்வார்ட்ஸும் செய்து 2014-இல் வெளியிட்ட சோதனைகளில், நடக்கும்போது யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடின. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தபோதும் பலன் இருந்தது. இயற்கைக் காட்சிதான் வேண்டும் என்றில்லை. ஆனால் ஒரே ஒரு சரியான விடை உள்ள கணக்குக்கு நடை உதவவில்லை. வழிகளைப் பெருக்க நடங்கள். சரிபார்க்க உட்காருங்கள்.

யோசனை பிறக்கும் விதத்தை ஆராய்ந்த கிரஹாம் வாலஸ் 1926-லேயே எழுதிய ஒன்றையும் மறக்கக் கூடாது: விட்டுவிட்டு இருக்கும்போது விடை மின்னலாம், ஆனால் அதற்கு முன்னால் முட்டி மோதிய உழைப்பு இருக்க வேண்டும். 2-ஆம் கேள்வியில் சொன்னதைச் செய்யாமல் எழுந்து போனால் உடம்புக்கு நல்லது, அவ்வளவே. போனைப் பார்த்துக்கொண்டே நடப்பதை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

10. ஏஐ கிட்ட கேட்டா நொடியில இருபது வழி தருது. நான் எதுக்கு மெனக்கெடணும்?

கேளுங்கள், தப்பில்லை. ஆனால் உங்கள் பட்டியலை எழுதி முடித்த பிறகு கேளுங்கள். அதன் இருபதை முதலில் படித்துவிட்டால் உங்கள் மனசு அந்தத் தடத்திலேயே ஓடும். 5-ஆம் கேள்வியின் ஜாடிக் கதைதான் மறுபடி. அது எல்லோருக்கும் ஒரே மாதிரி தருகிறது என்பதும் உண்டு. 2024-இல் வந்த ஓர் ஆய்வில், ஏஐ யோசனை பெற்றுக் கதை எழுதியவர்களின் கதைகளுக்குத் தனித்தனியாக நல்ல மதிப்பெண் கிடைத்தது, ஆனால் கதைகள் ஒன்றுக்கொன்று அதிகம் ஒத்திருந்தன.

அதற்கு வேறொரு நல்ல உபயோகம் இருக்கிறது. "என் கேள்வியில் நான் என்னவெல்லாம் சும்மா நம்பிக்கொண்டிருக்கிறேன்?" என்று கேளுங்கள். பதிலில் பாதி அற்பமாக இருக்கும். ஒன்றிரண்டு சுரீரென்று படும்.

11. இப்ப நிறைய வழி வந்திருச்சு. எதை எடுக்கறதுன்னு மறுபடி மாட்டிக்கிட்டேன்.

முதலில், செய்துவிட்டுத் திரும்ப முடியுமா என்று பிரியுங்கள். அமேசானின் ஜெஃப் பெசோஸ், பங்குதாரர்களுக்கான 2015-ஆம் ஆண்டுக் கடிதத்தில் இந்தப் பிரிவைத்தான் சொன்னார்: திரும்பி வர முடியாத முடிவுகளை ஆற அமர எடுக்க வேண்டும், திரும்பி வரக்கூடியவற்றைச் சட்டென்று எடுத்துவிடலாம். பெரிய நிறுவனங்கள் இரண்டாவது வகையையும் முதல் வகைபோல நடத்தித்தான் மந்தமாகிப்போகின்றன என்பது அவர் குறை. பில் அனுப்பும் தேதியை மாற்றுவது இரண்டாவது வகை. பிடிக்கவில்லை என்றால் அடுத்த மாதம் பழையபடி வைத்துக்கொள்ளலாம். அதற்கு மூன்று கூட்டம் எதற்கு?

திரும்ப முடியாத வகை என்றால், உளவியலாளர் கேரி க்ளைன் 2007-இல் எழுதிய முறை உதவும். "இதைச் செய்தோம், ஒரு வருடம் ஆயிற்று, படுதோல்வி. ஏன்?" என்று எல்லோரும் காரணம் எழுத வேண்டும். "ஏதாவது தப்பு நடக்குமா?" என்று கேட்டால் மழுப்புகிறவர்கள்கூட, தோல்வி நடந்தே விட்டது என்று சொன்னதும் வெளிப்படையாக எழுதுவார்கள்.

12. இன்னும் கொஞ்சம் தகவல் வந்தா முடிவு எடுத்துடலாம்னு தோணுது. காத்திருக்கலாமா?

எந்தத் தகவல் என்று பெயர் சொல்லுங்கள். அது இப்படி வந்தால் எதைச் செய்வீர்கள், அப்படி வந்தால் எதைச் செய்வீர்கள் என்றும் எழுதுங்கள். எப்படி வந்தாலும் ஒரே முடிவுதான் என்றால் காத்திருக்க ஒன்றுமில்லை.

13. எதை யோசிச்சாலும் 'இது இங்க நடக்காது'ன்னு முடிஞ்சிடுது. எல்லாப் பக்கமும் தடை.

தடைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் "யார் சொன்னது?" என்று எழுதுங்கள். சட்டம் சொல்கிறது, ஒப்பந்தத்தில் இருக்கிறது என்பவை நிஜத் தடைகள். எப்போதும் இப்படித்தான் என்பது பழக்கம். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்பது பெரும்பாலும் ஊகம். அவரிடம் யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள். பிரித்துப் பார்த்தால் நிஜத் தடைகள் நாம் நினைத்ததைவிடக் குறைவாகவே தேறும்.

மிஞ்சுகிற நிஜத் தடைகள் கெடுதலானவை என்றும் இல்லை. 1970 ஏப்ரலில் நிலவுக்குப் போய்க்கொண்டிருந்த அப்போலோ 13 விண்கலம் பழுதானபோது, கரியமில வாயுவை அகற்றும் சதுரப் பெட்டிகளை வட்டத் துளைக்குப் பொருத்த வேண்டியிருந்தது. கப்பலில் இருப்பதைத் தவிர ஒரு குண்டூசிகூட அனுப்ப முடியாது. தரையிலிருந்த பொறியாளர்கள் அங்கே என்னென்ன இருக்கிறது என்ற கணக்கிலிருந்து தொடங்கினார்கள். பிளாஸ்டிக் பை, அட்டை, குழாய், ஒட்டும் டேப், இவற்றாலேயே வழி பிறந்தது. "இல்லாதது என்ன" என்ற பட்டியலை நாம் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். இருப்பதைப் பட்டியல் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

14. வேகமாவும் வேணுமாம், ஒரு தப்பும் இருக்கக் கூடாதாம். நேர் எதிரா கேட்டா எங்கிருந்து வழி வரும்?

நடுவில் பிடித்து சமாதானம் செய்தால் கொஞ்சம் மெதுவாகவும் கொஞ்சம் தப்பாகவும் முடியும், இரு தரப்புக்கும் கோபம் மிஞ்சும். 1946 முதல் சோவியத் நாட்டில் காப்புரிமை ஆவணங்களை ஆராய்ந்த கென்ரிக் ஆல்ட்ஷுல்லர், நல்ல கண்டுபிடிப்புகள் இப்படிப்பட்ட முரண்பாட்டைப் பாதிப் பாதியாக வெட்டாமல் தீர்ப்பதைக் கவனித்தார். அவர் வழிவந்தவர்கள் கேட்கச் சொல்வது: இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டுமா? ஒரே இடத்தில் வேண்டுமா? எல்லாச் சூழ்நிலையிலும் வேண்டுமா?

விலைப்புள்ளி அனுப்பும் வேலையில் வைத்துப் பாருங்கள். ஒரு தொகைக்குக் கீழே இருப்பவை முன்பே சரிபார்த்து வைத்த படிவத்தில் ஒரு மணி நேரத்தில் போகட்டும். அதற்கு மேற்பட்டவற்றை இருவர் பார்க்கட்டும். அல்லது, கிடைத்தது என்ற பதிலும் தோராய விலையும் உடனே போகட்டும், கறாரான விலை மறுநாள் போகட்டும். வேகம் கேட்டவருக்கு வேகம், துல்லியம் கேட்டவருக்குத் துல்லியம். பலசமயம் இருவரும் வேறு வேறு காகிதத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள்.

15. மேலதிகாரிகிட்ட போய் 'வழி தெரியல'ன்னு நிக்கறதா? அசிங்கமா இருக்காதா?

வெறுங்கையோடு நின்றால் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். 2-ஆம் கேள்வியில் திருத்தி எழுதிய வாக்கியம், நீங்கள் பார்த்த வழிகள், அவற்றைக் கைவிட்ட காரணம், இவற்றை அரைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். அவரிடம் வேண்டியது முடிவா, தகவலா, அனுமதியா என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். எதுவுமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் ஒரு வழியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முடிவை நகர்த்துவது அந்த வரிதான்.

சில சமயம் அந்த அரைப் பக்கத்தை எழுதும்போதே விடை வந்துவிடும். கணினி நிரல் எழுதுகிறவர்கள் பிழை அகப்படாதபோது மேஜையில் ஒரு ரப்பர் வாத்தை வைத்துக்கொண்டு அதனிடம் வரிவரியாக விளக்குவார்கள். அடுத்தவருக்குப் புரியும்படி சொல்லப் போகும்போதுதான் நாம் எங்கே தாவிப் போனோம் என்பது தெரிகிறது.

16. இதெல்லாம் செஞ்சும் ஒண்ணும் நகரலன்னா?

இரண்டு சாத்தியங்கள். ஒன்று, அது உங்கள் கேள்வியே இல்லை. விலையைத் தீர்மானிக்கும் அதிகாரம் உங்களிடம் இல்லாதபோது "விலை ஏன் அதிகம் என்று வாடிக்கையாளரை எப்படிச் சமாதானப்படுத்துவது?" என்று எத்தனை முறை யோசித்தாலும் வட்டம்தான். தீர்மானிப்பவரிடம் எழுத்தில் சேர்த்துவிட்டு விலகுங்கள்.

மற்றது, அது கேள்வியாக இல்லாமல் நிலைமையாக இருக்கலாம். அலுவலகத்தை இடம் மாற்றுவது என்று முடிவாகிவிட்டால், அதைத் தடுப்பது எப்படி என்று யோசிப்பதில் பயனில்லை. மாறிய பிறகு வேலையை எப்படி அமைத்துக்கொள்வது என்பதற்கு வழிகள் தேடலாம். இரண்டில் எது என்று தெரியவில்லை என்றால், இதுவரை எழுதிய தாளை ஓர் உறையில் போட்டு, மேலே இரண்டு வாரம் தள்ளி ஒரு தேதியைக் குறித்துவிட்டு, அதுவரை வேறு வேலையைப் பாருங்கள்.